இதய நோயாளியும் பொட்டாசியமும்



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பொட்டாஷ் உரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செம்பனை மரத்தைச் சுற்றித் தூவுவார்களே, பார்ப்பதற்குக் கல்லுப்பைப் போல இருக்கும் அந்த உரத்தைத்தான் சொல்கிறோம். வாளியில் அள்ளிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்த உரத்தின் வேதியியற் பெயர் பொட்டாசியம் குளோரைடு. மருத்துவமனையில் சிலருக்கு மாத்திரையாகக் கொடுப்பதும் அதே பொட்டாசியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று பேரங்காடியில் விற்கிறார்களே, அதில் கலந்திருப்பதும் அதுதான். இளநீரிலும் வாழைப்பழத்திலும் கீரையிலும் இருக்கின்ற சத்தும் அதே பொட்டாசியம்தான்.

நம் இதயம் முறையாகத் துடிப்பதற்கு இந்தப் பொட்டாசியம் வேண்டும். அளவு தவறினால் அதே இதயத்தை நிறுத்திவிடக் கூடியதும் இதுதான். இதயம் பலவீனப்பட்டு மருந்து சாப்பிடுகிறவர்களின் வீட்டில் இந்த அளவு எப்படித் தவறுகிறது, தவறாமல் காப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

நாம் ஆசிரியராக இருக்கின்ற பள்ளியின் பெயரில் 'தோட்டம்' என்ற சொல் இன்றும் இருக்கிறது. தோட்டம்தான் இல்லை. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வீடுகள் எழும்பிவிட்டன. பிள்ளைகள் பலர் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் ஒரு மாணவன், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானைச் சேர்ந்தவன், சில நாள் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தோம். பாட்டிக்கு மூச்சுத் திணறல், மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள், இப்போது வீடு திரும்பிவிட்டார் என்றான்.

ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனோம். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? வழியில் இரண்டு இளநீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போனோம். பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. கால் வீக்கம் வடிந்து, முகம் தெளிந்து, தலையணையில் சாய்ந்திருந்தார். "வாங்க சார்" என்று எழுந்து உட்கார்ந்தார். இளநீரைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். எங்களுக்கும் சந்தோஷம்.

ஐந்து வாரம் சென்று அதே பாட்டியை மறுபடியும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. காலையில் கட்டிலை விட்டு இறங்கியவருக்குக் கால் நிற்கவில்லை. நாடி மிக மெதுவாக அடித்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள். பொட்டாசியம் 6.8 என்று வந்தது. 5க்கு மேல் போகக் கூடாத இடத்தில் 6.8. நல்ல வேளையாகக் காப்பாற்றிவிட்டார்கள்.

யார் செய்த தவறு இது? விசாரித்துப் பார்த்தால் எல்லாரும் பாட்டியின் நன்மைக்காகவே செய்தவர்கள். அந்தப் பட்டியலில் நாமும் இருக்கிறோம். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். 'இதயச் செயலிழப்பு' என்று கேட்டதும் பலர் இதயம் நின்றுபோனதாக எண்ணிப் பயந்துவிடுகிறார்கள். அப்படியன்று. இதயம் ஒரு பம்பு. மாரடைப்பினாலோ, நெடுநாள் இரத்தக் கொதிப்பினாலோ, வேறு காரணத்தினாலோ அந்தப் பம்பின் வலு குறைந்து, உடலுக்கு வேண்டிய இரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலைக்குத்தான் அந்தப் பெயர். வலு குறைந்தால் நீர் தேங்குகிறது. கால் வீங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. இரவில் தாழப் படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு மூன்று தலையணை வைத்துப் படுக்க வேண்டியிருக்கிறது.

இனி, பொட்டாசியத்துக்கு வருவோம். நம் உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு உயிரணுக்களின் உள்ளே இருக்கிறது. வெளியே, இரத்தத்திலும் மற்ற நீர்களிலும் இருப்பது 2 விழுக்காடு மட்டுமே. அணுவின் உள்ளே லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும்போது, வெளியே 4 அளவில்தான் இருக்கிறது. மில்லிமோல் என்பது வேதியியலார் பொருளை எண்ணுகின்ற ஓர் அளவு. அதற்குமேல் நாம் கவலைப்பட வேண்டாம். 140க்கும் 4க்கும் உள்ள வேற்றுமைதான் முக்கியம். அணையின் ஒரு பக்கம் நீர் உயர்ந்தும் மறு பக்கம் தாழ்ந்தும் இருப்பதால்தானே மின்சாரம் எடுக்க முடிகிறது? அதுபோல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வில்தான் இதயத் தசையின் மின்சாரம் பிறக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் காக்க ஒவ்வோர் அணுவின் சவ்விலும் நுண்ணிய பம்புகள் உண்டு. பொட்டாசியத்தை உள்ளே இழுத்துச் சோடியத்தை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. 1957ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டிய டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, வெளியே இருக்கின்ற அந்தச் சிறிய அளவுதான் உயிர்நாடி. ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் அது 3.5 முதல் 5 வரை இருக்கும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மிகவும் குறைந்தால் இதயத் தசை கட்டுக்கடங்காமல் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். மிகவும் கூடினால் துடிப்பு மந்தமாகி, ஒழுங்கு கெட்டு, நின்றுவிடவும் கூடும்.

இது இன்று நேற்றுக் கண்டறிந்ததன்று. 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உடலிலிருந்து எடுத்து உப்பு நீரில் வைத்துச் சோதித்தார். குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்பு நீரில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. வாலை வடிநீரில் கரைத்தால் விரைவில் ஓய்ந்துவிட்டது. காரணம் தேடியபோது, குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், துடிப்புக்குத் தேவை என்று தெரிந்தது. கூடவே சிறிதளவு பொட்டாசியமும் வேண்டும் என்றும், அது அளவு கடந்தால் இதயம் தளர்ந்து நின்றுவிடுகிறது என்றும் அவர் கண்டார். இன்று மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் நீர் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இந்த 'அளவு' நன்றாக விளங்கும். பாலைத் தொட்டியில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் கலப்பார்கள். ஆசிட் குறைந்தால் பால் சரியாக உறையாது. கூடினால் கட்டி கெட்டுப்போகும். ஆசிட் நல்லதா கெட்டதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். வள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தை அளவைப் பற்றிய பேச்சோடுதான் தொடங்குகிறார். பொட்டாசியத்தைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

இந்த அளவை ஆரோக்கியமானவரின் உடல் தானே காத்துக்கொள்கிறது. ஓர் இளநீர் குடித்தால் சில மணி நேரத்தில் மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நாம் உண்ணும் பொட்டாசியத்தில் பெரும் பகுதி, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆனால், இதயம் பலவீனப்பட்டவரிடம் இந்தக் காவலனே தடுமாறிப்போகிறான். எப்படி?

பம்பின் வலு குறைந்து இரத்த ஓட்டம் தளர்ந்ததும், உடலில் நீர் வற்றிவிட்டதாகச் சிறுநீரகம் தவறாக நினைத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் பிடித்து வை என்று கட்டளை பிறக்கிறது. அந்தக் கட்டளையைச் சுமந்து செல்லும் சுரப்பு நீர்களில் ஒன்றுக்கு ஆல்டோஸ்டிரோன் என்று பெயர். அது சோடியத்தைப் பிடித்து வைக்கும். பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ஏற்கெனவே நீர் தேங்கித் தவிக்கும் உடலில் இன்னும் நீர் சேருகிறது. இந்தச் சுழலை அறுப்பதற்குத்தான் மருந்துகள்.

மருந்துகளைப் பொட்டாசியத்தின் கண்கொண்டு பார்த்தால் இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை பொட்டாசியத்தை வெளியே இழுக்கும். மற்றொரு வகை உள்ளே நிறுத்தும்.

இழுக்கும் வகையில் முதன்மையானது, நம்மவர்கள் 'தண்ணி மாத்திரை' என்று சொல்லும் ஃபுரோசிமைடு. லாசிக்ஸ் என்றும் பலர் அறிவார்கள். தேங்கிய நீரை வடித்து மூச்சுத் திணறலைத் தீர்ப்பதில் இது மிக நல்ல மருந்து. ஆனால், நீரோடு சேர்ந்து பொட்டாசியமும் போய்விடுகிறது. அதனால் தசைப்பிடிப்பு, சோர்வு, மலச்சிக்கல், படபடப்பு வரலாம். டிஜாக்சின் என்ற பழைய இதய மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே நஞ்சாக வேலை செய்யத் தொடங்கும். ஆகவேதான் சிலருக்குத் தண்ணி மாத்திரையோடு பொட்டாசியம் மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

நிறுத்தும் வகையில் எனலாபிரில், பெரின்டோபிரில் போன்று 'பிரில்' என்று முடியும் மருந்துகளும், லோசார்ட்டான், வல்சார்ட்டான் போன்று 'சார்ட்டான்' என்று முடியும் மருந்துகளும் உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையும் இந்த வகைதான். அது ஆல்டோஸ்டிரோனின் கட்டளையையே தடுத்துவிடுகிறது. இம்மருந்துகள் இதயத்தின் சுமையைக் குறைத்து ஆயுளை நீட்டுகின்றன. கூடவே பொட்டாசியம் வெளியேறுவதையும் குறைத்துவிடுகின்றன.

இப்போது கம்போங் மேடான் வீட்டுக்குத் திரும்புவோம். பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்தபோது தண்ணி மருந்து கூடுதலாகக் கொடுத்தார்கள். பொட்டாசியம் 3.1க்கு இறங்கியது. எனவே, பொட்டாசியம் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அது சரியான மருத்துவம். அடுத்த சந்திப்பில் ஸ்பைரோனோலாக்டோனைச் சேர்த்து, பொட்டாசியம் மாத்திரையை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் வந்து இரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அதுவும் சரியான மருத்துவம்.

ஆனால், வீட்டில் நடந்தது வேறு. பழைய பொட்டாசியம் மாத்திரை பிஸ்கட் டின்னில் மீதம் இருந்தது. "மருந்தை வீணாக்கலாமா?" என்று பாட்டி அதையும் சேர்த்தே விழுங்கி வந்தார். உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட மருமகள், அக்கறையோடு சோடியம் குறைந்த உப்பை வாங்கிச் சமைத்தார். சோடியம் குறைந்த இடத்தை அதில் பொட்டாசியம் நிரப்பியிருந்தது அவருக்குத் தெரியாது. முழங்கால் வலிக்கு மகன் கடையிலிருந்து வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். இரத்தம் கொடுக்க வேண்டிய நாளில் யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு இளநீரையும் வாழைப்பழத்தையும் சுமந்துகொண்டு நாம் போய் நின்றோம். அன்று முதல் வீட்டில் நாள்தோறும் ஓர் இளநீர் வாங்க ஆரம்பித்துவிட்டார்களாம். சார் வாங்கி வந்தாரே, நல்லதாகத்தான் இருக்கும் என்று!

ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறிய காரியம். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தபோதுதான் 6.8 ஆயிற்று.

மருத்துவமனையில் கொடுத்த சிகிச்சையும் தெரிந்துகொள்ளத்தக்கது. முதலில் நரம்பு வழியே கால்சியம் செலுத்தினார்கள். அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இதயத் தசைக்குத் தற்காலிகக் கவசமாக நிற்கிறது. தவளையின் இதயத்தில் ரிங்கர் கண்ட அதே கால்சியம்தான்! அடுத்து இன்சுலினும் சர்க்கரை நீரும் ஏற்றினார்கள். "இனிப்பு நீர்க்காரிக்குச் சர்க்கரைத் தண்ணியை ஏத்துறாங்களே" என்று மருமகள் பதறிப்போனாராம். இன்சுலின் சர்க்கரையை அணுவுக்குள் அனுப்புவதோடு பொட்டாசியத்தையும் உள்ளே அனுப்பிவிடுகிறது. சர்க்கரை நீர் கொடுப்பது, அந்த இன்சுலினால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடாமல் இருப்பதற்காக. ஆனால், உள்ளே போன பொட்டாசியம் சில மணி நேரத்தில் மறுபடி வெளியே வரும். ஆகவே, அதற்குள் அதை உடலை விட்டே வெளியேற்ற வேண்டும். மருந்தினால் முடியாதபோது இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரமும் தேவைப்படும். பாட்டிக்கு அதுவரை போகவில்லை.

இதைக் கேட்டதும், "அப்படியானால் அந்த ஸ்பைரோனோலாக்டோன் ஆபத்தான மருந்து, நிறுத்திவிடுவோம்" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அதைப் பற்றி உலகம் கற்ற பாடம் ஒன்று உண்டு.

1999ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதயம் மிகவும் பலவீனப்பட்ட 1663 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான மருந்துகளோடு ஸ்பைரோனோலாக்டோனும், மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களிடையே மரண அபாயம் 30 விழுக்காடு குறைந்தது. அற்புதமான முடிவு. மருத்துவர்கள் எங்கும் இந்த மருந்தை எழுதத் தொடங்கினார்கள்.

நம் தமிழர்கள் பெருமளவில் குடியேறியுள்ள டொரொண்டோ நகரம் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இருக்கிறது. அந்த மாநிலத்தில், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்து வந்து, 'பிரில்' வகை மருந்து சாப்பிடும் முதியவர்களின் கணக்கை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 1994இல் அத்தகையோர் ஆயிரம் பேருக்கு 34 பேர் என்ற கணக்கில் ஸ்பைரோனோலாக்டோன் எழுதப்பட்டது. 2001இன் இறுதிக்குள் அது ஆயிரத்துக்கு 149 ஆயிற்று. பொட்டாசியம் கூடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 2.4 என்பதிலிருந்து 11 ஆனார்கள். அதனால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 0.3 என்பதிலிருந்து 2 ஆனார்கள்.

உயிர் காக்கும் மருந்து ஏன் இப்படி ஆயிற்று? ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் சராசரி வயது 65. சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தவர்களையும் பொட்டாசியம் ஏற்கெனவே 5க்கு மேல் இருந்தவர்களையும் ஆய்வில் சேர்க்கவில்லை. முதல் மூன்று மாதம் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். வெளி உலகில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வயது முதிர்ந்தவர்கள், இனிப்பு நீர் உள்ளவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் எல்லாரிடமும் மருந்து போய்ச் சேர்ந்தது. இரத்தச் சோதனை கூடவே போய்ச் சேரவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் மருந்தின் மீது பழி நின்றிருக்கும். ஸ்காட்லாந்தில் டேசைடு என்ற வட்டாரத்திலும் இதே போன்ற ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். அங்கும் ஸ்பைரோனோலாக்டோன் எழுதுவது வேகமாகக் கூடியிருந்தது. ஆனால், பொட்டாசியம் கூடி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கூடவில்லை. மருந்து கூடியபோது அங்கே இரத்தச் சோதனையும் கூடியிருந்தது. ஆகவே, பொட்டாசியத்துக்குப் பயந்து மருந்தைக் கைவிட வேண்டியதில்லை. சோதனையைக் கைவிடாமல் இருந்தால் போதும்.

நம் மலேசிய இந்தியச் சமூகத்துக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் இதயத்தையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதயத்துக்காகக் கொடுக்கும் மருந்து பொட்டாசியத்தை நிறுத்தி வைக்கும்போது, மிகுதியை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பொட்டாசியம் கூடுவதை உடலின் அறிகுறியால் தெரிந்துகொள்ள முடியாதா என்று கேட்கலாம். பல நேரம் முடியாது. கை கால் தளர்ச்சி வருவதற்குள் நிலைமை முற்றியிருக்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இதயத் துடிப்பு பிசகிவிடும். இரத்தச் சோதனை ஒன்றே நம்பத்தக்க வழி.

இனி, வீட்டில் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மருந்து மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேளுங்கள். "இதில் எதை நிறுத்த வேண்டும்? இரத்தம் கொடுக்க எப்போது வர வேண்டும்?" பொதுவாக, இத்தகைய மருந்தைத் தொடங்கிய அல்லது கூட்டிய ஓரிரு வாரத்திற்குள் சோதிப்பார்கள்; பிறகு இடைவெளி விட்டுச் சோதிப்பார்கள். அந்தத் தேதியைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். போக முடியாவிட்டால் தொலைபேசியில் கூப்பிட்டு வேறு நாள் கேளுங்கள்.

இரண்டாவது, நிறுத்திய மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். கிளினிக்கின் மருந்துப் பகுதியில் திருப்பிக் கொடுங்கள். கிளினிக் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், கடையில் வாங்கியதையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூன்றாவது, உப்பு. உணவில் உப்பைக் குறைப்பது நல்லது. உப்புக்குப் பதிலாக வேறு உப்பு வாங்குவது வேறு காரியம். சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது உண்மைதான். ஆனால், கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தை நிறுத்தும் தண்ணி மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் பாதிக்கு மேல் பொட்டாசியம்தான். நம் நாட்டுப் பொட்டலங்களில் மலாய் மொழியில் 'காலியம் குளோரிடா' என்று அச்சிட்டிருந்தால் இதுதான். இரத்தச் சோதனைத் தாளில் 'கே' என்ற ஒற்றை எழுத்து நிற்பதும் இந்தக் காலியத்துக்காகவே.

நான்காவது, வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், மெஃபனாமிக் ஆசிட் போன்றவை சிறுநீரகத்தைத் தளர்த்தும், பொட்டாசியத்தைக் கூட்டும், நீரையும் தேக்கும். இதய நோயாளி இவற்றைக் கேளாமல் தொடவே கூடாது. முழங்கால் வலிக்கு வேறு வழியைக் கிளினிக்கில் கேளுங்கள்.

ஐந்தாவது, வயிற்றுப்போக்கும் வாந்தியும். அப்போது உடல் நீர் வற்றி, சிறுநீரகம் தளர்ந்து, பொட்டாசியத்தின் அளவு எந்தப் பக்கமும் சாயலாம். இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்காமல் அன்றே கிளினிக்கைக் கேளுங்கள். சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, உணவு. 100 மில்லிலிட்டர் இளநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் 400 மில்லிகிராம் அளவில் இருக்கும். இவை விஷமல்ல. பொட்டாசியம் குறைந்தவருக்கு இவையே மருந்து. கூடியவருக்கு இவையே சுமை. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவதைப் பார்த்து நாம் சாப்பிட முடியாது. அவருக்கு விலக்கியதை நாமும் விலக்க வேண்டியதில்லை. உங்கள் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் உருளைக்கிழங்கையும் மற்றக் காய்களையும் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும்.

அளவு கூடியவர்களுக்கும் இன்று வழி இருக்கிறது. குடலிலேயே பொட்டாசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும் புதிய மருந்துகள் 2015க்குப் பிறகு உலகில் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. இதயத்துக்கு நன்மை செய்யும் மருந்தைத் தொடர்வதற்கு அவை சிலருக்கு உதவுகின்றன. யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாட்டி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நலமாக இருக்கிறார். ஸ்பைரோனோலாக்டோனைச் சில வாரம் நிறுத்தி வைத்துவிட்டு, சோதித்துப் பார்த்துப் பாதி மாத்திரையாக மறுபடியும் கொடுத்திருக்கிறார்கள். பிஸ்கட் டின்னில் பழைய மாத்திரைகள் இல்லை. ஒரு சிறிய நோட்டுப் புத்தகம்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரத்தச் சோதனை முடிந்ததும் தேதியையும் பொட்டாசியம் எண்ணையும் அதில் எழுதுவது நம் மாணவனின் பொறுப்பு. கடைசியாக நாம் பார்த்தபோது 4.6 என்று எழுதியிருந்தான்.

அன்றைக்கு நாம் கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பாட்டிக்கு என்ன கொடுக்கலாம் என்று மருமகளிடம் முதலில் கேட்டுக்கொண்டு போகலாம் என்றிருந்தோம். "அடிக்கடி இரத்தம் கொடுக்கப் போவது சிரமமாக இல்லையா பாட்டி?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "பெரட்டுக்குப் போகாம வேலைக்காட்டுக்குப் போக முடியுமா சார்? இதுவும் அந்த மாதிரிதானே!" என்றார்.

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த பிறகுதான் அன்றைய வேலை. தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் நாம் காத்த ஒழுங்கு அது. நேயர்களே, அந்த ஒழுங்கை இந்த ஒரு காரியத்திலும் காப்போம். இன்று உங்கள் வீட்டில் இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் பெரியவர் இருந்தால், அவருடைய மருந்துப் பையை எடுத்துப் பாருங்கள். அடுத்த சோதனைத் தேதி என்றைக்கு என்று கேளுங்கள்.